துப்பறியும் ஆட்டம் வீண் ஆட்டமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஒரு சிலம்பை உரிய நேரத்தில் உடைத்துப் பார்த்திருந்தால் மதுரை எரிந்திருக்காது. சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் படித்த நாள் முதல் என் நெஞ்சை விட்டு அகலாத எண்ணம் இது. பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், கோவலன் மாண்டான். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள். இந்த ஒரு தடயம் போதும், வழக்கு தீர்ந்துவிடும். ஆனால் தடயத்தைப் பார்த்தது தலை உருண்ட பிறகு!

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் திண்ணைகளில் சொல்லாத பெரியவர் இல்லை. சொல்லத் தெரிந்த நாம் செய்யத் தெரிந்திருக்கிறோமா? தீர விசாரிப்பது ஒரு பழக்கம். நீச்சலைப் போல, சைக்கிள் ஓட்டுவதைப் போல, இளமையில் பழகினால்தான் உடலோடு ஒட்டும். அந்தப் பழக்கத்தைச் சிறுவர்க்கு ஊட்டவல்ல ஒரு கருவி கணிப்பொறியில் ஆடப்படும் துப்பறியும் ஆட்டம் என்பது என் கருத்து. கேட்டவுடன் சிலர் நகைக்கலாம். நகைத்து முடித்தபின் சற்றுச் செவிசாய்க்குமாறு பேராசிரியப் பெருமக்களையும் மாணவ நண்பர்களையும் வேண்டுகிறேன்.

எல்லா ஆட்டமும் ஓர் ஆட்டமா?

கணிப்பொறி ஆட்டம் என்றதும் பெற்றோர் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. கைப்பேசியில் சீட்டாடிச் சம்பளத்தைத் தொலைத்த தொழிலாளர் குடும்பங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்குப் புதியவை அல்ல. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்தது. அதே சட்டம் பணம் சேராத பொழுதுபோக்கு ஆட்டங்களையும் கல்வி சார்ந்த ஆட்டங்களையும் வேறு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த இந்த வேற்றுமை நம் வீடுகளுக்கு இன்னும் எட்டவில்லை. கள்ளும் பாலும் ஒரே நிறம் என்பதற்காக இரண்டையும் சாக்கடையில் ஊற்றுவது அறிவாகுமா?

துப்பறியும் கதைக்கும் தமிழகத்தில் பஞ்சமில்லை. மரியாதை ராமன் வழக்குகளைத் தீர்த்த விதத்தைப் பாட்டியிடம் கேட்டோம். வேதாளம் விக்கிரமாதித்தனிடம் போட்ட புதிர்களைப் படித்தோம். தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷ் – வசந்தும் வாடகை நூல் நிலையங்களில் அட்டை கிழியும் வரை கைமாறினார்கள். ஆனால் கதையில் ஒரு வசதி உண்டு. சங்கர்லால் யோசிப்பார், நாம் பக்கத்தைப் புரட்டுவோம். நமக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் கடைசி அத்தியாயத்தில் அவரே எல்லாவற்றையும் விளக்கிவிடுவார். ஆட்டத்தில் அந்த வசதி கிடையாது. ஆடுபவன் கண்டுபிடிக்காதவரை அடுத்த கதவு திறக்காது. கதையில் நாம் பார்வையாளர். ஆட்டத்தில் நாமே பொறுப்பாளர்.

குகையிலிருந்து பிறந்த கலை

இவ்வாட்டங்களின் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் வில் குரோதர் என்னும் கணிப்பொறி நிரலாளர் குகைகளை ஆராய்வதிலும் ஆர்வம் மிக்கவர். தாம் அறிந்த குகை ஒன்றை அடிப்படையாகக் கொண்டு 1976 வாக்கில், ஃபோர்ட்ரான் மொழியில், படமே இல்லாமல், வெறும் எழுத்துகளால் ஓர் ஆட்டம் அமைத்தார். 1977-இல் டான் உட்ஸ் என்பவர் அதை விரிவாக்கினார். "வடக்கே போ", "விளக்கை எடு" என்பன போன்ற கட்டளைகளை ஆடுபவர் தட்டச்சு செய்ய வேண்டும். கணிப்பொறி நடந்ததைச் சொல்லும். 'அட்வென்ச்சர்' என்ற அந்த ஆட்டத்தின் பெயரே ஒரு வகைக்குப் பெயராயிற்று.

1980-இல் ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற பெண்மணி கதையமைத்துப் படம் வரைய, அவர் கணவர் கென் நிரல் எழுத, 'மிஸ்டரி ஹவுஸ்' வெளிவந்தது. ஒரு பழைய மாளிகை. ஒருவர்பின் ஒருவராக விருந்தினர் கொல்லப்படுகின்றனர். கொலையாளி யார் என்று ஆடுபவர் கண்டறிய வேண்டும். 1983-இல் ஜப்பானில் யூஜி ஹோரி 'போர்ட்டோபியா' கொலை வழக்கை ஆட்டமாக்கினார். இவை பெரியவர்க்கு. சிறுவர்க்கென்று வந்து புகழ்பெற்றது 1985-இல் பிராடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆட்டம். கார்மென் சாண்டியேகோ உலகில் எங்கே இருக்கிறாள் என்ற கேள்வியே அதன் தலைப்பு.

கைது ஆணை இல்லாமல் கைது இல்லை

அந்த ஆட்டத்தில் கொலை இல்லை, ரத்தம் இல்லை. ஒரு நாட்டின் அரும்பொருள் களவு போகிறது. 30 நகரங்களில் எங்கோ திருடர் ஓடிக்கொண்டிருக்கிறார். நம் புதுடில்லியும் அதில் உண்டு. கொழும்பும் சிங்கப்பூரும் உண்டு. சாட்சிகள் நேராக ஊர்ப்பெயரைச் சொல்வதில்லை. இன்ன நாணயத்துக்குப் பணம் மாற்றினார், இன்ன நிறக் கொடி பறந்த வண்டியில் போனார் என்று குறிப்பாகச் சொல்வார்கள். அது எந்த நாடு என்று புரட்டிப் பார்க்க, உலகத் தகவல் களஞ்சிய நூல் ஒன்றையும் ஆட்டத்துடன் சேர்த்தே விற்றார்கள். விளையாட்டுப் பெட்டிக்குள் ஒரு புத்தகம்! எண்ணிப் பார்க்க இனிக்கிறது.

ஆனால் நான் வியந்தது வேறொன்றை. திருடர் ஒளிந்திருக்கும் ஊருக்கே போய்ச் சேர்ந்தாலும் அவரைப் பிடித்துவிட முடியாது. கையில் கைது ஆணை வேண்டும். ஆணா பெண்ணா, முடியின் நிறம் என்ன, பொழுதுபோக்கு என்ன, எந்த வண்டி, என்ன அங்க அடையாளம் என்ற குறிப்புகளைச் சாட்சிகளிடமிருந்து சேர்த்துக் கணிப்பொறியில் கொடுத்தால், சந்தேகத்துக்குரிய 10 பேரில் ஒருவர் மட்டும் மிஞ்சும்போதுதான் ஆணை கிடைக்கும். ஆணையின்றிப் போனால் திருடர் தப்பிவிடுவார், வழக்கு தோல்வி.

பழைய ஆட்டங்களை இன்றைய கணிப்பொறியில் ஓடச் செய்யும் மென்பொருள்கள் உள்ளன. 2011-இல் நம் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கி வைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் பெரியப்பா மகள் பெற்ற கணினி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பேட்டரி போய்விட்டது, மின் இணைப்பில் செருகினால் உயிர்பெறும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தம்பியை அதில் இவ்வாட்டத்தை ஆட விட்டேன். ஆங்கிலம் தடுக்கிய இடங்களில் நான் பொருள் சொன்னேன். ஊர் ஊராகத் துரத்திச் சென்ற அவன், அடையாளங்களைச் சேர்க்கும் பொறுமையின்றிக் கடைசி நகரத்தில் போய் நின்றான். திருடர் தப்பிவிட்டார் என்று திரை சொன்னது.

"என்னண்ணா இது அநியாயம்? நேராவே பாத்துட்டேனே!" என்றான்.

"பார்த்தே, சரி. அந்த ஆள்தான் திருடினார்னு எதை வெச்சுச் சொல்லுவே?" என்றேன்.

சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு ஒரு தாளை எடுத்து ஐந்து கட்டம் போட்டான். அடுத்த வழக்கில் ஒவ்வொரு சாட்சி சொன்னதையும் அதில் எழுதிக்கொண்டே போனான். யாரும் அவனை எழுதச் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் எழுத அம்மா நான்கு முறை அழைக்க வேண்டிய பிள்ளை அவன்!

பழவேற்காட்டுப் பாலம்

இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ள எனக்கு மனம் வராததற்குக் காரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துபவர்கள் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியாக வட மாவட்டங்களில் பரவியது. பழவேற்காட்டில் அடையாளம் தெரியாத ஒரு மனிதர் கூட்டத்தினரால் அடிக்கப்பட்டு இறந்தார். அவர் உடல் பாலத்தில் தொங்கவிடப்பட்டது. அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரும் இதே வதந்திக்குப் பலியானார். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டு வந்தது. செய்தியின் வேகத்தைக் குறைக்க நிறுவனத்தால் முடியும். கேட்டதும் நம்பும் மனத்தின் வேகத்தை யார் குறைப்பது?

வதந்திக்கு மொழி வேற்றுமை கிடையாது. 2023 மார்ச்சில் பீகாரைச் சேர்ந்த தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் பரவின. வேறெங்கோ, வேறெதற்கோ நடந்தவற்றைக் காட்டி அஞ்ச வைத்தார்கள். தொழிலாளர்கள் பலர் அச்சத்தோடு ஊருக்கு ரயிலேறினர். அவர்களைப் பற்றி நம்மவர் நடுவிலும் வதந்தி உண்டு. சிப்காட்டைச் சுற்றியுள்ள வரிசை வீடுகளில் ஒரு கைப்பேசி காணாமற்போனால் முதல் விரல் யாரை நோக்கி நீள்கிறது? பக்கத்து அறை வடநாட்டுப் பையனை நோக்கித்தானே? அவன் பேசும் மொழி நமக்குத் தெரியாது என்பது ஒரு தடயமா?

ஒரு கணிப்பொறி ஆட்டம் பழவேற்காட்டு மனிதரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் வாதிடவில்லை. அவ்வளவு எளிய மருந்து எந்த நோய்க்கும் இல்லை. ஆனால் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கப் பத்து வயதில் பழகியவன், இருபது வயதில் கூட்டத்தில் நிற்கும்போது அந்தக் கேள்வி அவன் தொண்டைவரையேனும் வரும். ஒருவன் தொண்டைக்கு வந்தால் போதும். இன்னொருவன் வாய்விட்டுக் கேட்பான்.

தகப்பனார் கற்பித்த பாடம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை எட்டாம் வகுப்போடு நின்றவர். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். இயந்திரத்தில் வழக்கத்துக்கு மாறான ஓசை கேட்டால், நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் பெட்டியின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார்களாம். முதலில் மோட்டார்ப் பக்கம், பிறகு கியர்பாக்ஸ், பிறகு மறு முனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒதுக்கிக்கொண்டே போவார்களாம். "சத்தம் கேட்டதும் மோட்டாரைக் கழட்டுறவன் ஃபிட்டர் இல்லடா. சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்குறவன்தான் ஃபிட்டர்" என்பார். கார்மென் சாண்டியேகோவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவ்வாட்டத்தின் முழுத் தத்துவமும் அவருக்குத் தெரியும். ஆராய்ந்து அறிவது பட்டதாரிகளின் தனிச்சொத்து என்று நினைப்போர்க்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பேராசிரியர்கள் பொறுத்தருள்க. ஆய்வகத்தில் ஊசலை ஆடவிடுகிறோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்பது கயிற்றைக் கட்டுமுன்பே நமக்குத் தெரியும். அதனால் விடையிலிருந்து அளவீட்டுக்குப் பின்னோக்கி நடக்கும் வழக்கம் மாணவர் உலகில் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். ரெக்கார்டு நோட்டு அழகாகிறது, சோதனை செத்துப்போகிறது. குற்றவாளியை முதலில் முடிவு செய்துவிட்டுச் சாட்சியைத் தேடும் காவலனுக்கும் நமக்கும் என்ன வேற்றுமை? நல்ல துப்பறியும் ஆட்டத்தில் விடை முன்கூட்டித் தெரியாது. நாம் பள்ளியிலும் கல்லூரியிலும் இழந்துவரும் அந்தத் தெரியாமையின் இன்பத்தை அது திருப்பித் தருகிறது.

எது நல்ல ஆட்டம்?

துப்பறியும் ஆட்டம் என்ற பெயர்ப்பலகை தாங்கியவை எல்லாம் நல்லவை ஆகா. மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். முதலாவது, கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் விரலை அழுத்தினால் முன்னேற முடியுமா? முடியுமெனில் அங்கே ஆடுவது விரல், மூளை அல்ல. இரண்டாவது, தவறாகக் குற்றம் சாட்டினால் ஏதேனும் விளைவு உண்டா? விளைவற்ற குற்றச்சாட்டு நாவை வளர்க்கும், நியாயத்தை வளர்க்காது. மூன்றாவது, காசு கொடுத்தால் விடை கிடைக்குமா? கிடைக்குமெனில் அது துப்பறிதல் ஆகாது, லஞ்சம்.

குருட்டு ஊகத்தைத் தடுக்க வழி உண்டா என்று கேட்போர்க்கு ஒரு சான்று. 2018-இல் லூகாஸ் போப் உருவாக்கிய 'ஓப்ரா டின்' என்ற ஆட்டத்தில், 1807-இல் ஆளில்லாமல் கரைக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்றில் இருந்த 60 பேருக்கும் என்ன நேர்ந்தது என்று கண்டறிய வேண்டும். மூன்று பேரைப் பற்றிய முடிவுகள் சேர்ந்து சரியானால்தான் ஆட்டம் அவற்றை ஒப்புக்கொள்ளும். ஒன்றை ஊகித்துத் தப்பலாம். மூன்றையும் ஊகித்துத் தப்புவது கடினம். நிகழ்தகவுப் பாடத்தில் பெருக்கல் விதியைப் படித்தவர்க்கு இதன் நுட்பம் விளங்கும். அந்த ஆட்டம் கொடிய காட்சிகள் உடையது, சிறுவர்க்கு ஏற்றதன்று. அதன் விதியை மட்டும் நாம் கடன் வாங்கலாம்.

நம் மண்ணில் ஒரு வழக்கு

இத்தகைய ஆட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது பெருங்குறை. என் தம்பிக்குப் பொருள் சொல்ல நான் இருந்தேன். வீட்டில் அப்படி ஒருவர் இல்லாத பிள்ளைகளுக்கு? தமிழால் முடியுமா என்ற ஐயம் வேண்டா. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்லும் 'வெண்பா' என்ற ஆட்டம் 2023-இல் வெளியாயிற்று. எழுத்து அழிந்த சமையற் குறிப்பேட்டிலிருந்து சரியான செய்முறையை ஊகித்து அறிவதே அதில் புதிர். தமிழர் வீட்டு இட்லியை வைத்து எழுந்த அந்த ஆட்டம் 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. அடுப்படியில் புதிர் உண்டெனில் ஆற்றங்கரையில் இராதா?

திருவள்ளூர் மாவட்டமே ஒரு பெரிய துப்பறியும் கதை. பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டறிந்தனர். பின்னர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தனர். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011-இல் அறிவித்தனர். காலத்தைக் கணித்தது எப்படி? படிவுகளில் பதிந்த பழைய காந்தத் திசையும், விண்கதிர் பட்டதால் கல்லில் உண்டான அணுக்களின் சிதைவும் சாட்சி சொல்லின. இது நம் இயற்பியல் அன்றோ! ஆறு உருட்டிய கல் வழவழப்பாக உருண்டிருக்கும். மனிதன் செதுக்கிய கைக்கோடரியில் இரு முகத்திலும் சில்லு பெயர்ந்த வடுக்கள் இருக்கும். இந்தக் கல்லை உடைத்தது ஆறா, ஆளா? ஒரு சிறுவன் திரையில் ஆராய இதைவிட நல்ல வழக்கு வேண்டுமா? பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைகளில் செதுக்கிய எலும்புக்கூடுகளும் எழுத்துகளும் இன்னொரு வழக்குக்குக் காத்திருக்கின்றன.

இதற்குக் கோடிப் பணம் வேண்டியதில்லை. குரோதர் செய்தது போல எழுத்துகளாலேயே தொடங்கலாம். ஆனால் தமிழில் ஒரு சுவையான இடர் உண்டு. ஆங்கிலத்தில் பொருளின் பெயர் மாறாமல் நிற்கும். தமிழில் 'சாவியை எடு' என்றால் உடம்படுமெய் வருகிறது. 'கல்லைப் புரட்டு' என்றால் ஒற்று இரட்டுகிறது. 'மரத்தைப் பார்' என்றால் அத்துச் சாரியை புகுகிறது. கணிப்பொறி இவற்றைப் பிரித்து மூலச்சொல்லை அறிய வேண்டுமானால் புணர்ச்சி விதிகளை நிரலாக எழுத வேண்டும். மனப்பாடம் செய்து மறந்த நன்னூல் அங்கே உயிர்பெற்று வேலை செய்யும். தமிழ்த்துறை இலக்கணம் தரட்டும். வரலாற்றுத்துறை வழக்கைத் தரட்டும். கணிப்பொறித்துறை நிரல் எழுதட்டும். நாங்கள் இயற்பியல் மாணவர் தடயங்களைச் சரிபார்க்கிறோம். அடுத்த கோடை விடுமுறைக்குள், ஒரே ஒரு வழக்கு, பத்தே அறைகள் கொண்ட சிறு ஆட்டம் ஒன்றை நம் கல்லூரி உருவாக்கி, அருகிலுள்ள அரசுப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் அதை ஆடவைத்துப் பார்க்கலாம்.

"விளையாட்டு வினையாகும்" என்று எச்சரித்தார்கள் முன்னோர். உண்மைதான். அந்த வினை தீவினையாகவும் ஆகலாம்; நல்வினையாகவும் ஆகலாம். பிள்ளைகள் ஆடத்தான் போகிறார்கள். கைப்பேசியைப் பூட்டி வைத்தால் பக்கத்து வீட்டில் ஆடுவார்கள். அவர்கள் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பது மட்டுமே நம் கையில் உள்ளது. சந்தேகத்துக்கும் சான்றுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சிரித்துக்கொண்டே நடந்து பழகும் ஓர் ஆட்டத்தைக் கொடுப்போம். இதில் சேர விரும்பும் நண்பர்கள் இயற்பியல் ஆய்வகத்துக்கு வரலாம். ஐந்து கட்டம் போட்ட தாளோடு என் தம்பியும் காத்திருக்கிறான்.